பாத்துக்கலாம் மாமாவின் கம்ப்யூட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் சில்லு நேராகக் கூடத்துக்கு ஓடினாள். முந்தின நாள் மாமா வாங்கி வந்த பெட்டிகள் மேசைமேல் அப்படியே இருந்தன. ஒன்றும் காணாமல் போகவில்லை. ஆனாலும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருப்பதால் அவளுக்குச் சில்லு என்று பெயர். கவலை வந்தால் அவளுடைய நாக்கு தானாக அந்த மூலையைத் தேடிப் போகும். அன்று காலையிலிருந்தே அது அங்கேதான் இருந்தது.

கவலைக்குக் காரணம் அப்பா. அப்பா பஸ் டிரைவர். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும், "இன்னும் பல மாசத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு அப்பாவின் பேச்சும் சுருங்கிப் போனது. சாப்பிட்டீங்களா என்றால் "ம்." வலிக்குதா என்றால் "ம்." நாள் முழுக்க ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் சில்லு ஒரு விளையாட்டைப் பார்த்திருந்தாள். அதில் பஸ் ஓட்டலாம். சிக்னல் உண்டு, நிறுத்தம் உண்டு, ஏறி இறங்கும் பயணிகள்கூட உண்டு. அதை அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கூடுதல் நேரம் தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்து வைத்தாள். "அப்பாவுக்குன்னு சொன்னா வேண்டாம்னுடுவார். உனக்குன்னு சொல்லி வாங்குவோம்" என்றாள்.

பணம் குறைவு. கடையில் தயாராக இருக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது. அப்போதுதான் மாமா குதித்தார்.

"தனித்தனியா சாமான் வாங்கி நாமளே மாட்டிடலாம்க்கா! நான் எதுக்கு இருக்கேன்? பாத்துக்கலாம்!"

மாமா, அம்மாவின் தம்பி. செல்போனுக்கு உறையும் கண்ணாடியும் விற்கும் கடையில் வேலை. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். போன மாதம் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்த்தார். அது இப்போது காற்று தருவதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறது.

அன்றைக்கு மட்டும் அப்பா வாய் திறந்து, "உனக்கு எதுலதான் பொறுப்பு இருக்கு மாப்ள?" என்று கேட்டுவிட்டார். மாமா சிரித்து மழுப்பினார். ஆனால் அவர் முகம் வாடியதைச் சில்லு பார்த்தாள்.

"என்ன, ஆரம்பிக்கலாமா?" மாமா கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அம்மா அன்றும் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"இது கேபினெட், எல்லாத்தையும் உள்ள வைக்கிற பெட்டி. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ள வானவில் விளக்கு. எப்படி?" மாமாவின் கண்களே வானவில் மாதிரி மின்னின. "இது போர்டு, எல்லாத்தையும் இதுலதான் மாட்டணும். இது பவர் சப்ளை, எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிறது. இது மெமரி. இதோ, இதுதான் ப்ராசஸர். கம்ப்யூட்டரோட மூளை!"

"அந்த மானிட்டருக்குப் படம் அனுப்புறது எது மாமா?"

"அது கிராஃபிக்ஸ் கார்டு. பயங்கர விலை. அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். அதுவரைக்கும் மூளையே படமும் வரைஞ்சுக்கும்."

சில்லு ப்ராசஸர் பெட்டியைக் கையில் எடுத்தாள். பெட்டியின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவை' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

நாக்கு உடைந்த பல்லை அழுத்தியது. சரியாகத்தான் படித்தோமா? இன்னொரு முறை படித்தாள். அதேதான்.

மாமா கத்தரிக்கோலை எடுத்தார். "குடு, பிரிச்சிடலாம்."

பெட்டியைப் பிரித்துவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். முந்தின நாள் மாமாவே சொன்ன விஷயம் அது. ஆனால் அப்பாவுக்கு எதிரில் எப்படிச் சொல்வது? சில்லுவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"மாமா, எனக்கு அவசரம். பாத்ரூம் போய்ட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் எதையும் பிரிக்காதீங்க!"

"போ. அதுக்கு ஏன் ப்ராசஸரைத் தூக்கிட்டுப் போற?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்!"

போகிற வழியில் அப்பாவின் போனையும் எடுத்துக்கொண்டாள். கதவைத் தாழிட்டு, பெட்டியில் இருந்த பெயரைப் போனில் தட்டினாள். பெயரின் கடைசியில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருந்தது. எஃப் என்றால் அந்த மூளைக்குப் படம் வரையத் தெரியாது. அதே வகையில் 'ஜி' என்று முடிகிற இன்னொன்று இருந்தது. அதற்கு வரையத் தெரியும். இரண்டும் ஒரே போர்டில் பொருந்தும். ஆனால் ஜி விலை கூடுதல்.

அம்மா இரவெல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாளே, அந்தப் பணம்.

"அடியே, உள்ளயே தூங்கிட்டியா?" மாமா கதவைத் தட்டினார்.

வெளியே வந்தவள், மாமாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் மாமா" என்றாள் ரகசியக் குரலில். "மானிட்டர் ஒயரை எங்க சொருகணும்?"

"இது ஒரு கேள்வியா? போர்டுக்குப் பின்னாடிதான்."

"போர்டுக்குப் படத்தை யாரு குடுப்பா?"

"ப்ராசஸர்."

"எல்லா ப்ராசஸரும் குடுக்குமா மாமா? இந்தப் பெட்டில என்னமோ போட்டிருக்கு, எனக்குச் சரியாப் புரியல. நீங்க படிச்சுச் சொல்லுங்களேன்."

மாமா பெட்டியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். உதடுகள் அசைந்தன. பிறகு நின்றன. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விலை குறைவா இருக்கேன்னு எடுத்துட்டேன். கடைசி எழுத்தைப் பாக்கல. போச்சு. அத்தான் சொன்னது சரிதான். எனக்குப் பொறுப்பே இல்ல."

"இன்னும் பிரிக்கலையே மாமா! கடை இருக்குமா?"

மாமா தலை நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும்தான்."

"அப்போ கிளம்புங்க. கேபினெட்டையும் எடுத்துக்குவோம்."

"அது எதுக்கு?"

"ஜி விலை ஜாஸ்தி மாமா. பணம் பத்தலன்னா எதையாவது குடுக்கணுமே."

மாமா கூடத்திலிருந்த கேபினெட் பெட்டியை ஏக்கமாக எட்டிப் பார்த்தார்.

சின்னப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய கேபினெட் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, கூடத்தைச் சத்தமில்லாமல் கடக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"எங்க?" என்றார் அப்பா.

"ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போறோம்ப்பா."

அப்பா பெட்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "வீட்ல ஒரு டிரைவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன். இன்னொரு டிரைவர் எதுக்கு?"

வேடிக்கையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா? சில்லுவுக்குப் புரியவில்லை.

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஓர் அம்மாள் கேபினெட் பெட்டியில் இடித்துக்கொண்டு, "இதுக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?" என்று மாமாவைத் திட்டினார். சில்லு ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. சில்லு குனிந்து உள்ளே நுழைந்தாள். கதவில் தலை இடித்துக்கொண்டு மாமாவும் நுழைந்தார்.

"கடை மூடியாச்சு" என்றார் கடைக்கார அம்மா. கையில் சாவிக்கொத்து இருந்தது.

"அக்கா, இதை மட்டும் மாத்திக் குடுங்க, ப்ளீஸ். பிரிக்கவே இல்ல." சில்லு மூச்சு வாங்கினாள்.

கடைக்கார அம்மா ப்ராசஸர் பெட்டியை விளக்கடியில் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசியாக அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"நல்லவேளை. தினம் ரெண்டு பேர் இப்படி வாங்கிட்டுப் போய், பிரிச்சு எடுத்துட்டு வந்து அழுவாங்க. என்ன பண்றதா உத்தேசம்?"

"ஜி வேணும்."

"விலை கூடுமே. இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். இதையே வெச்சுக்கங்க. பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு மலிவாத் தரேன். படம் தெரியும். விளையாட்டு மட்டும் கொஞ்சம் திக்கித் திணறி ஓடும்."

"எடுத்துக்கலாமே!" என்றார் மாமா. வானவில் கேபினெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சில்லு யோசித்தாள். "அக்கா, பஸ் ஓட்டுற விளையாட்டுல பிரேக் அழுத்தினா உடனே நிக்குமா?"

"அந்தக் கார்டுலயா? கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நிக்கும்."

"வேண்டாம் மாமா. பிரேக் பிடிக்காத வண்டியை அப்பா தொடவே மாட்டார்."

மாமா பெருமூச்சு விட்டார். "அப்போ பவர் சப்ளையை மலிவா மாத்திக்கலாமா?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றார் கடைக்கார அம்மா. "அது கெட்டா மத்ததையும் சேர்த்துக் கெடுத்துடும்."

எல்லோருடைய கண்ணும் கேபினெட் பெட்டிக்குப் போனது. மாமா அதைக் கடைசியாக ஒரு முறை தடவினார். பிறகு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்போல மேசைமேல் வைத்தார்.

"கறுப்புத் தகரப் பெட்டி ஒண்ணு குடுங்க. விளக்கு வேண்டாம். மிச்சமாகிற பணம் ஜிக்குப் போகட்டும்."

கடைக்கார அம்மா தானாகவே இன்னொன்றும் செய்தார். ஒரு பெரிய மெமரியை வாங்கிக்கொண்டு, அதில் பாதி அளவில் இரண்டு தந்தார். "மூளையே படமும் வரையும்போது மெமரி ஜோடியா இருந்தா வேகமா ஓடும்" என்றார்.

வீடு திரும்பி வேலையைத் தொடங்கினார்கள். மாமா பெயரின் கடைசி எழுத்தை இன்னொரு முறை படித்துவிட்டு ப்ராசஸரை வைத்தார். ஒரு திருகாணி உருண்டு மேசைக்கடியில் போனது. சில்லு தவழ்ந்து தேடினாள். திடீரென்று அங்கே வெளிச்சம் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், அப்பா நாற்காலியை நகர்த்தி வந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். திருகாணி கிடைத்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை.

எல்லாம் மாட்டியாயிற்று. சில்லு பொத்தானை அழுத்தினாள்.

பெட்டிக்குள் இருந்த குட்டி மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

காத்திருந்தார்கள். கறுப்பு. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார் மாமா. கறுப்பு.

மாமாவின் தோள் தொங்கிப்போனது. "அத்தான்" என்றார் மெதுவாக. "காலைல நாங்க ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போகல. நான் தப்பான சாமான் வாங்கிட்டேன். இவதான் கண்டுபிடிச்சா. மாத்திட்டு வந்தோம். இப்போ இதுலயும் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியல."

"அவ்ளோ பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் போகும்போதே தெரியும் மாப்ள" என்றார் அப்பா. பிறகு, "தப்புன்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் மாத்தினியே. அதுவும் பொறுப்புதான்" என்றார்.

மாமா மூக்கை உறிஞ்சினார். சில்லு அதைக் கவனிக்காததுபோல் பெட்டிக்குள் தலையை நீட்டினாள். போர்டின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல். பொடி எழுத்து என்றால் இப்போது அவள் விடுவாளா?

"மாமா! மெமரின்னு போட்டிருக்கு!"

கரண்டை நிறுத்தி, ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு மெமரியையும் தடவிப் பார்த்தாள். ஒன்று கெட்டியாக நின்றது. இன்னொன்றின் ஒரு முனை மட்டும் நூலளவு தூக்கியிருந்தது.

"அழுத்தட்டுமா? உடைஞ்சிடுமோ?"

"நேரா அழுத்து. சாய்க்காம" என்றார் மாமா.

சில்லு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். 'கிளிக்!'

மறுபடியும் பொத்தான். மறுபடியும் கறுப்பு. அப்பாவின் கை சில்லுவின் தோளில் வந்து விழுந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாமா எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல. வந்தா சொல்லுங்க."

"வந்துடுச்சு மாமா!"

"பொய் சொல்லாத!"

"திரும்பிப் பாருங்களேன்!"

திரை நிறைய வெள்ளை எழுத்துகள். மாமா குதித்த குதியில் தகரப் பெட்டி அதிர்ந்தது.

மற்ற வேலைகள் முடிந்து விளையாட்டு ஓடத் தொடங்கியபோது மாலையாகிவிட்டது. "ஓட்டுங்கப்பா" என்றாள் சில்லு.

"உனக்கு வாங்கினது. நீ விளையாடு" என்றார் அப்பா.

சில்லு பஸ்ஸைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போனதும் நடைபாதையில் ஏற்றினாள். விளக்குக் கம்பத்தை இடித்தாள். உண்மையிலேயே அவளுக்கு ஓட்ட வரவில்லை.

"அய்யோ, கண்ணாடியைப் பாரு! பின்னால வண்டி வருது! வளைவுல இவ்ளோ வேகமா?" அப்பாவால் தாங்க முடியவில்லை. "நகரு, நகரு. பஸ்ல ஆள் இருக்காங்க!"

அவள் நகர்ந்தாள். அப்பா உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டார். இந்த பஸ்ஸுக்குக் கால் தேவையில்லை, விரல்கள் போதும். வண்டி மெதுவாகப் பின்வாங்கி, சாலைக்கு வந்து, நிறுத்தத்தில் பூப்போல நின்றது.

எல்லோரும் ஏறிய பிறகும் அது நகரவில்லை.

"ஏன் அத்தான் நிக்குது? கெட்டுப்போச்சா?" மாமா பதறினார்.

"இரு மாப்ள. ஒரு ஆள் ஓடி வர்றார் பாரு. அவரை விட்டுட்டா போறது?"

திரையில் குட்டியாக ஒரு மனிதர் ஓடி வந்து ஏறினார். அப்பா கதவை மூடினார். கண்ணாடியைப் பார்த்தார்.

வேலை முடிந்து வந்த அம்மா, தோளில் பையோடு வாசலிலேயே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள்.

"போலாம் ரைட்!"

பஸ் கிளம்பியது.