நீல ட்ரம்மும் ரெண்டு ஆழாக்கு அரிசியும்

இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது செந்தாமரைக்கு.

மரக்கன்று நடக் குழி வெட்டும் வேலை. காலையிலிருந்து இருபத்திரண்டு குழி. ஆனி மழை மேல்மண்ணை மட்டும்தான் நனைத்திருந்தது. ஒரு சாண் கீழே போனால் கல். கடப்பாரையை ஓங்கிய ஒவ்வொரு முறையும் இடுப்பில் யாரோ ஆணி இறக்கினார்கள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒரு குண்டான் வெந்நீர், காலை நீட்ட ஒரு பாய். அவ்வளவுதான்.

சோறு வேண்டாம். மதியம் தின்ற கேழ்வரகுக் களி இன்னும் வயிற்றில் கிடந்தது. ஒருத்திக்காக அடுப்பு மூட்டி, ஒருத்திக்காக ஊதி, ஒருத்தியாக உட்கார்ந்து தின்று… அதற்குப் பட்டினி எவ்வளவோ மேல்.

புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் திரும்பும் வளைவுக்கும் மேலே, சரிவில் ரெண்டே வீடு. கீழ் வீடு அவளுடையது. அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன்கள் ரெண்டு பேரும் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் அவளானாள். வயது முப்பத்திரண்டு.

வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

பீர்க்கன் பந்தல் தரையோடு கிடந்தது. நான்கு காலும் முறிந்து, கொடியெல்லாம் சேற்றில். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடி… நடுவில் ஒரு நீல ட்ரம். உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ட்ரம். அதிலிருந்து சாராய ஊறல் போல ஒரு நாற்றம்.

"ஏங்க… ஏங்க… கிட்டப் போகாதீங்க!"

மேல் வீட்டிலிருந்து ஒருவன் சரிவில் சறுக்கிக்கொண்டே வந்தான். பாதி தூரம் காலில், மீதி தூரம் பின்பக்கத்தில். அவள் காலடியில் வந்து நின்றபோது கால்சட்டையெல்லாம் சேறு.

லைன்மேன். ஒடுகத்தூர்க்காரன். பேர் வெற்றிச்செல்வன் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறாள். மேல் வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஆறு மாதம். கம்பத்தின் உச்சியில் பார்த்திருக்கிறாள். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இன்னாய்யா இது?"

"கம்போஸ்ட் ட்ரம்முங்க. சமையல் குப்பையெல்லாம் போட்டா உரமாவும்னு போன்ல பாத்தேன்…"

"உரம் நடந்து வருமா என் வூட்டுக்கு?"

"கரடிங்க. சாயந்தரம் வந்து தள்ளி வுட்டுச்சி. நான் கதவைச் சாத்திக்கினு ஜன்னல் வழியா…"

"பாத்துக்கினு இருந்த."

"ஆமாங்க."

மறைக்காமல் சொன்னான். அவள் குனிந்து ட்ரம்முக்குள் பார்த்தாள். பழுப்பாகக் குழைந்த சுளைகள், சக்கை, கொட்டை…

"பலாப்பழமா?"

"கரண்ட் போட்டு வுட்டதுக்கு ஆளாளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. மூணு பழம். தனி ஆளு எவ்ளோ திங்க முடியும்?"

"சக்கைய மாட்டுக்குப் போடுவோம்யா நாங்க. யாராச்சும் ட்ரம்முல போட்டு மூடி வெப்பாங்களா? இன்னா, சாராயம் காச்சப் போறியா? ஊர்ல இருக்கற கரடிக்கெல்லாம் பத்திரிகை வெச்சி கூப்ட்ட மாதிரி கீது!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தூறல் வலுத்தது. அவன் இமையில் ஒரு துளி நின்று, யோசித்து, மெல்ல விழுந்தது. 'இந்த ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கண்ணு…' என்று நினைத்தவள், நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

"பந்தலு?"

"நான் போட்டுத் தர்றேங்க. சத்தியமா. ஞாயித்துக்கெழம."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கழி கொண்டுவந்தான். எல்லாம் பச்சைக் கழி. குறுக்குக் கழியைத் தாங்க ஒன்றின் நுனியிலும் கவை இல்லை. மின்கம்பிக்குப் போடும் முடிச்சைக் கயிற்றில் போட்டு நிமிர்த்தினான். பந்தல் கைதட்டும் நேரம்கூட நிற்கவில்லை.

செந்தாமரை சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை, தாடை வலித்தது.

"வுடு. கம்பத்துல ஏறத்தான் லாயக்கு. காட்டுல நல்ல கழி வெட்டிக்கினு வந்து அப்பறம் போடு. மொதல்ல அந்த ட்ரம்மப் பாப்போம்."

ரெண்டு வீட்டுக்கும் நடுவில், கல் வரப்போரம் ட்ரம்மை நிறுத்தினார்கள். உள்ளே இருந்ததைக் கவிழ்த்தாள். முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இதுல காஞ்சது ஒண்ணுமே இல்ல. ஈரத்து மேல ஈரம். நாறாம இன்னா பண்ணும்? ஒரு தட்டு குப்பைக்கு ரெண்டு தட்டு சருகு. கொஞ்சம் சாணி, கொஞ்சம் மண்ணு. மூடி மேல கல்லு. பழம் போடாத. சோறு…"

நிறுத்தினாள். சோறு. கட்டி கட்டியாகச் சோறு. ஒரு நாள் மிச்சமில்லை இது. தினமும் ஒரு ஆள் சோறு.

"ஒரு ஆளுக்கு இவ்ளோவா வடிப்ப?"

அவன் வரப்புக் கல்லில் உட்கார்ந்து நகத்திலிருந்த சேற்றைச் சுரண்டினான்.

"அம்மா படுத்த படுக்கையா கெடந்திச்சிங்க. ஒம்போது வருசம். நான்தான் ஆக்கிப் போடுவேன். ரெண்டு ஆழாக்கு அரிசி. போன வருசம் செத்துப் போச்சி. கை மட்டும்… ரெண்டு ஆழாக்குதான் எடுக்குது. ஒரு ஆழாக்கு போட்டா சோறு ஒண்ணு குழையுது, இல்லாட்டி அடிபுடிக்குது. ஒருத்தனுக்கு அளவு தெர்லங்க எனக்கு."

ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அவளுக்கு. ஒரு கூடை சருகை எடுத்து ட்ரம்முக்குள் கொட்டினாள்.

அன்றிலிருந்து ட்ரம் பொதுவாயிற்று. சாயங்காலம் அவன் குப்பைத் தட்டோடு இறங்குவான். அவள் சருகுக் கூடையோடு ஏறுவாள். அவன் வெங்காயத் தோல், முருங்கைச் சக்கை, ஒரு ஆள் சோறு. அவள் சருகும் சாணியும் மட்டும்.

"உங்க வூட்ல குப்பையே வராதா?" என்றான் ஒருநாள்.

"ஆக்கினாத்தான குப்ப வரும்?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் கண் அவள் கூரைப் பக்கம் போனது. புகை இல்லாத கூரை. அப்புறம் அவள் முகத்துக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியது. செந்தாமரை தடியால் ட்ரம்மை வேகமாகக் கிளறினாள். உள்ளிருந்து ஆவி வந்தது. அடுப்பு மேல் வைத்த மாதிரி சூடு.

"கைய வுட்டுப் பாரு."

விட்டான். "யப்பா… வெந்நி மாதிரி கீது!"

"வேவுது. அப்டித்தான் மண்ணாவும்."

ரெண்டு கையும் அந்தச் சூட்டுக்குள் இருந்தன. ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் நாலு விரல் தூரம்… மழை தூறிக்கொண்டிருந்தது. ரெண்டு பேருமே கையை எடுக்கவில்லை.

காட்டில் குழி வெட்டும்போது, இருபதாவது குழியில், மணி என்ன ஆகிறது என்று சூரியனைப் பார்க்க ஆரம்பித்தாள். கூட வேலை செய்யும் குப்பம்மாள் விடவில்லை.

"இன்னாடி, வூட்ல இன்னா வெச்சிருக்க, இப்டிப் பறக்கற?"

"குப்ப."

"குப்பைக்கா தலைய வாரிக்கினு போற?"

ஆடி பிறந்தது. ஒரு சாயங்காலம் வெற்றிச்செல்வன் குப்பைத் தட்டோடு இன்னொரு கையில் மூடிபோட்ட தூக்கும் எடுத்து வந்தான். முகம் சிவந்திருந்தது. கண் அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது.

"சோறுங்க. கருவாட்டுக் கொழம்பு. எப்டியும் மிச்சம்… ட்ரம்முல கொட்றதுக்கு… நீங்க சாப்ட்டா…"

அவள் கையிலிருந்த கூடை நின்றது.

"ட்ரம்முல கொட்றதா?"

"இல்லீங்க, வீணாத்தான போவுது…"

"நான் இன்னா உனுக்கு ரெண்டாவது ட்ரம்மா?"

"ஐயோ, அப்டி இல்லீங்க…"

"வூட்ல பொக வர்லன்னா பிச்சைக்காரின்னு அர்த்தமா? இருபது குழி வெட்றேன்யா ஒரு நாளைக்கி. என் சோத்த நான் துன்னத் தெரியும். எட்த்துக்கினு போ."

அவன் போனான். தூக்கைத் திறக்காமலே போனான்.

அதற்கப்புறம் அவள் நேரத்தை மாற்றிக்கொண்டாள். விடியற்காலையில், வேலைக்குப் போகும்முன், சருகைக் கொட்டிவிட்டுப் போய்விடுவாள். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொள்வாள். மேலே அவன் இருமுவது கேட்கும். எதிரெதிரே ரெண்டு விளக்கு எரியும், பிறகு ஒவ்வொன்றாக அணையும். 'மிச்சச் சோறு… எனக்கு மிச்சச் சோறு…' என்று நினைத்து நினைத்துக் கோபத்தை அணையாமல் வைத்துக்கொண்டாள். கோபமும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு இருக்க வேறொன்றும் இல்லை.

ஏழாம் நாள் காலை. கல்லை இறக்கி மூடியைத் திறந்தாள். முன்தினம் போட்ட சருகு அப்படியே காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே அதற்கு முந்தின நாள் சருகு. அதற்கும் கீழே அவளுடைய சருகுதான். சோறு இல்லை. ஒரு வெங்காயத் தோல்கூட இல்லை.

கையை விட்டாள். முழங்கை வரை விட்டாள்.

ஆறிப் போயிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கடப்பாரையை வரப்பிலேயே போட்டுவிட்டுச் சரிவில் ஏறினாள். இடுப்பு வலித்தது, அதைக் கவனிக்க நேரமில்லை.

கதவு திறந்திருந்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆள் மட்டும் இளைத்திருந்தான். பக்கத்தில் டீக்கடை பன் சுற்றி வந்த காகிதம். அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

"ஏன்யா ஆக்கல?"

திடுக்கிட்டு எழுந்தான். "நீங்களா…"

"ஏழு நாளா ட்ரம்முல ஒண்ணும் வுழல. இன்னா துன்ன?"

"பன்னு. டீ." சிரிக்கப் பார்த்தான். "ஒரு ஆழாக்கு போட்டுப் பாத்தேங்க. கொழஞ்சி போச்சி. ரெண்டு போடவும் மனசு வர்ல. யாருக்குப் போடறது?"

"ட்ரம்முக்கு."

"அது ட்ரம்முக்கு இல்லீங்க."

மழைச் சத்தம் ஓட்டின்மேல் கொட்டியது. அவன் இந்த முறை கண்ணை எங்கும் ஓட விடவில்லை.

"மொதல்ல அம்மா நெனப்புலதான் போட்டேன். நெசம். ஆனா ட்ரம்ம வரப்புல வெச்சதுக்கப்பறம்… உங்க வூட்ல பொக வர்லன்னு பாத்துட்டுத்தான் அரிசி களைவேன். ஒரு ஆழாக்கு உங்களுக்குன்னு சொல்லித்தான் போடுவேன். எடுத்துக்கினு வர தைரியம் வராது. மறுநா சாயந்தரம் அதையே ட்ரம்முல கொட்டுவேன். முப்பது நாளு. அன்னிக்கித்தான் தைரியம் வந்திச்சி… வாயில மிச்சம்னு வந்துடுச்சி. உங்களுக்குன்னு ஆக்கினேன்னு சொல்ல வெக்கம். மிச்சம்னு சொல்றது சுளுவா இருந்திச்சி."

செந்தாமரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பது நாள் சோறு. தன் கையாலேயே கிளறிச் சருகு போட்டு மூடினாளே… முழங்கை வரை விட்டு, சூடாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாளே… எல்லாம் அவளுக்கென்று வடித்த சோறு.

"எனக்குன்னு யாரும் வடிச்சதில்ல," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "எங்கம்மாகூட எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்ததான் எனக்கு வெக்கும். அதான்… அந்த வார்த்த கேட்டதும்…"

"தப்புதாங்க."

"தப்புதான்." மூக்கை உறிஞ்சினாள். "அரிசி எங்க கீது?"

அவன் வடித்தான். அவள் வெங்காயம் அரிந்து கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஈர விறகு புகைந்து ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அழுகை எது, புகை எது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆவி பறக்கத் தட்டில் சோறு விழுந்தபோது அவள் அன்றைய வேலையை மறந்திருந்தாள்.

"சாப்டு," என்றான். 'ங்க' போடவில்லை. போடாததைக் கவனித்து அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் ஒரு உருண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். சரியான பதம்.

"யோவ் லைன்மேனு."

"உம்?"

"உன்ன எனுக்குப் புடிச்சிருக்கு. இன்னா பண்ணலாம், சொல்லு."

அவன் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்து முழுகியது. அதை எடுக்கத் தோன்றாமல், அந்தப் பெரிய கண்ணால் அவளையே பார்த்தான்.

"தெனம்… ரெண்டு ஆழாக்கு போடலாம். சாவற வரைக்கும்."

மழை விட்ட பிறகு வெங்காயத் தோலையும் கருவாட்டு முள்ளையும் ஒரே தட்டில் அள்ளிக்கொண்டு ரெண்டு பேரும் இறங்கினார்கள். சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. முள்ளை ஆழமாகப் புதைத்து, மேலே சருகு போட்டு, சாணி தெளித்து, கல்லைத் தூக்கி வைத்தார்கள். அதற்குள் அவன் விரல் அவள் விரலைத் தேடிப் பிடித்திருந்தது. காய்த்துப் போன கை ரெண்டும்.

அவள் கீழே தன் வாசலைப் பார்த்தாள். பீர்க்கன் கொடி இன்னும் தரையில்தான் படர்ந்து கிடந்தது.

"எல்லாம் சரி… பந்தலு?"

"ஞாயித்துக்கெழம," என்றான்.

கவையுள்ள கால் நாலு, கழி எட்டு, கயிறு ஒரு உருண்டை போதும். அந்தப் பந்தலை அவன் அவளுக்கு இன்னும் போட்டுத் தரவில்லை.