எண்ணிக்கை சரி

ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கியதும், முன்னால் நடந்த தன் குடும்பத்தைக் கண்டக்டர் வழக்கம்போல மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். மூன்று தலை வந்தது.

இரண்டுதான் வரவேண்டும். பத்தொன்பது வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் தலை எண்ணியே பிழைக்கிற மனுஷன். நிற்கவே இடமில்லாத வண்டியில் அறுபத்தெட்டு பேர் என்று அவர் சொன்னால், செக்கர் மறுபேச்சுப் பேசமாட்டார். அப்படிப்பட்டவருக்குச் சொந்தக் குடும்பத்திலேயே கணக்குத் தப்புமா? மூக்குக் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். மனைவி ஒன்று, பெரியவன் இரண்டு. எட்டு மாசத்துக்கு முன்புவரை மூன்றுதானே, பழக்க தோஷம், வேறென்ன என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டி நடந்து பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது தலை வாலு. ஆறு வயசு. வைத்த பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிட்டதே இல்லை, அவ்வளவு சேட்டை. இந்த ஏரி வராத சினிமா உண்டா? தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கிற மரம், அதன் அடியில் வெள்ளை பெஞ்சு, ஏரிக்குள் நீளுகிற மரப்பலகைப் பாலம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இங்கே எடுத்த ஒரு பாட்டு டிவியில் வந்தால் போதும், அம்மாவின் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிடுவாள். "அந்த ஏரிக்கு எப்பப்பா போறோம்?" என்பாள். "லீவு கிடைக்கட்டும்டா தங்கம்" என்பார் அவர். அவள் போன பிறகு லீவைக் கேட்காமலே கொடுத்தார்கள்.

அவள் போனதே அவர் கையால்தான். கல்யாணம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு தன் வண்டியிலேயே கிளம்பியிருந்தார். வழியில் ஒரு நிறுத்தத்தில், படியிலிருந்து நழுவிப் பின்சக்கரத்தடியில் விழுந்த செருப்பை எடுக்க வாலு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அவர் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கடைசி சீட்டில் மூன்று தலை. மூன்றாவது யார் பெற்ற பிள்ளையோ, காலியான இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தலையை எண்ணினாரே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

அன்றையிலிருந்து மனைவி அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால்கூட அவருக்கு உயிர் வந்திருக்கும். எல்லாம் பெரியவன் வழியாகத்தான். "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு." "உங்கப்பாகிட்ட சாவி கேளு." இந்தப் பயணத்தையும் அப்படித்தான் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட சொல்லு, ஏரிக்குப் போகணும்."

ஒன்பது வயசுப் பையன். இரண்டு பெரியவர்களுக்கு நடுவே தபால்காரன்போல அலைந்து அலைந்து அவனும் இளைத்துப் போயிருந்தான். அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன், இவனையாவது தொலைக்காமல் வளர்த்து ஆளாக்குவேன் என்று கண்டக்டர் தினமும் தனக்குத்தானே சத்தியம் செய்துகொள்வார். தெருவில் இறங்கினால் தன் விரலைப் பிடித்தபடிதான் அவன் நடக்கவேண்டும் என்பது சட்டம்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. முதலில் எதிர்க்கரை மலை மறைந்தது, பிறகு ஏரியின் பாதி, பிறகு பெஞ்சில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த கூட்டம். சிரிப்பும் செருப்புச் சத்தமும் மட்டும் மிச்சமிருந்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் பலகைக்கு அடியில் தண்ணீர் சப்பு சப்பென்று மோதுகிற ஓசைதான் கேட்டது. ஈர மண்ணும் அழுகிய இலையும் மணக்கிற அந்த இடத்தில், மோட்டார் வண்டியே நுழையாத அந்த நடைபாதையில், சூடான ரப்பர் நாற்றம் எங்கிருந்தோ வந்தது. அந்த நாற்றம் கண்டக்டருக்குத் தெரியும்.

"அப்பா, பின்னாடி யாரோ என் செருப்பை மிதிக்கிறாங்க" என்றான் பெரியவன்.

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

"கல்லு தடுக்கியிருக்கும்டா."

"இல்லப்பா. மிதிச்சு மிதிச்சு விடுறாங்க. பாப்பா பண்ணுவாளே, அந்த மாதிரி."

அவர் அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மனைவி அதற்குள் வெள்ளை பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். அத்தனை பெரிய பெஞ்சில் ஒரு ஓரமாக. பெரியவன் பக்கத்தில் உட்காரப் போனதும், "அங்க இல்ல, இந்தப் பக்கம் வா" என்று மறுபுறம் இழுத்துக்கொண்டாள். இடப்பக்கம் காலியாகவே கிடந்தது. அவள் இடது கை அந்தரத்தில், ஆறு வயசுப் பிள்ளையின் தலை உயரத்தில் நின்று, மெதுவாகக் கோதிக்கொண்டிருந்தது. எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார் கண்டக்டர். பையனை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சிரிப்பு போய்விடக்கூடாதே என்றும் இருந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லு, படகுல போகணும்" என்றாள்.

படகுக்காரர் துடுப்பைக் கட்டி வைக்கிற நேரம். "இந்தப் பனியில என்ன சார் தெரியப் போகுது? என் மூக்கே எனக்குத் தெரியல" என்று சிரித்தார். கண்டக்டர் கெஞ்சினார். "பக்கத்துல ஒரு சுத்து போதும்ணே. வீட்ல ரொம்ப ஆசைப்படுறாங்க." சரி, வாங்க என்று அவர் கொட்டகையிலிருந்து ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

மனைவியும் பெரியவனும் பின் பலகையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் முன்பக்கம் குனிந்து, கரையில் கட்டியிருந்த கயிற்றோடு மல்லுக்கட்டினார். நனைந்து ஊறிய முடிச்சு, லேசில் அவிழவில்லை. முதுகுக்குப் பின்னால் படகு ஒருமுறை ஆடியது. மறுபடி ஒருமுறை ஆடியது. பெரியவன் என்னவோ சொன்னான், சரியாகக் காதில் விழவில்லை. கயிறு கைக்கு வந்தது.

"போலாமா சார்?"

அவர் நிமிர்ந்து திரும்பினார். பனிக்குள் பின் பலகை மங்கலாகத் தெரிந்தது. மனைவி ஒன்று. அவள் மேல் சாய்ந்து, பெரியவனின் நீலக் கம்பளிக் குல்லாவும் ஆரஞ்சு ஜாக்கெட்டும், இரண்டு.

காலையிலிருந்து மூன்று மூன்றென்று மிரட்டிய கணக்கு ஒருவழியாகச் சரியாக வந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"ரைட், போலாம்."

துடுப்பு நாலைந்து முறை விழுந்தது. கரை மறைந்தது. கொட்டகை மறைந்தது. பாலம் மட்டும் ஒரு கறுப்புக் கோடாக மிஞ்சி, அதுவும் கரைந்தது. அவர் பின்னால் நகர்ந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். ரப்பர் நாற்றம் இப்போது மூக்கை அடைத்தது.

"அப்பா!"

கரையிலிருந்து வந்தது குரல்.

"அப்பா, கொட்டகையில வேற ஜாக்கெட் எடுத்துட்டேன்பா. இதுல கொக்கி நல்லா இருக்கு. இன்னும் மாட்டல, நில்லுங்கப்பா!"

பெரியவன் குரல்.

கண்டக்டர் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்தார். எதிரே இருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். கொக்கி உடைந்து தொங்கியது. அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ஜாக்கெட். அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன குல்லா. பெரியவனுக்குச் சரியாக இருந்த அந்த ஜாக்கெட், இப்போது தொளதொளவென்று கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கால் தொங்கியது. செருப்பில்லாத கால்.

நிறுத்தணும். வாயைத் திறந்தார்.

"என்னங்க" என்றாள் மனைவி.

எட்டு மாசத்துக்குப் பிறகு. அவரைப் பார்த்து. அவரிடமே.

"நிறுத்தாதீங்க. திரும்பினா இறங்கிடுவா. என்னங்க, நம்ம பாப்பா... கெஞ்சிக் கேக்குறேன்."

படகுக்காரர் துடுப்பைத் தூக்கினார். அவர் முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. "யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கே. உங்க பையனா சார்?"

"அப்பா, நான் இன்னும் ஏறலப்பா! என்னை விட்டுட்டுப் போறீங்களே!"

கண்டக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். குல்லாவுக்குக் கீழே இருந்த முகத்தையும் இந்தமுறை பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இல்லண்ணே. எங்க ஆளுங்க எல்லாம் ஏறியாச்சு."

துடுப்பு விழுந்தது.

கரைப்பக்கம், மரப்பலகையில் காலடிச் சத்தம். ஓடிவருகிற சத்தம். வேகமாக. இன்னும் வேகமாக. பாலம் முடிகிற இடம்வரை. அப்புறம் தண்ணீர். ஒரு தரம் 'அப்பா' என்றது. மறுபடி, பாதி.

அவர் திரும்பவில்லை. அவருடைய விரலை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது, ஐஸ்போல, ஈரமாக. ஏரி அடங்க அடங்க, அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக்கொண்டு வந்தது.