ஒற்றை ணங்

பதினேழாம் பக்கத்தின் மூன்றாவது கட்டத்தில் ஒரு ‘ணங்’ இருந்தது. ஆன்றோ அதை எழுதவில்லை.

எழுதியிருந்தால் தெரியாதா என்ன. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையில் சத்தத்தையும் வரையத்தான் வேண்டும். கதவு சாத்தினால் ‘டமால்’, மழை கொட்டினால் ‘சோ’ என்று எழுத்தையே படமாகப் போட வேண்டும். ஆன்றோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். இணையத்தில் வாரா வாரம் அவன் கதையைப் படிக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வசனம் ஆங்கிலத்தில் வரும், சத்தம் மட்டும் தமிழில். அர்த்தம் தெரியாத அந்த ஜனம் சுழிகளைப் பார்த்தே சொக்கிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு சுழியையும் பென்சிலில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, அப்புறம்தான் அவன் மையேற்றுவான். இந்த ‘ணங்’ பென்சில் தடமே இல்லாமல் நேராக மையில் விழுந்திருந்தது, இடக்கையால் எழுதினது மாதிரி கோணலாக. வெள்ளை மை தடவி அதை மூடினான். தூக்கக் கலக்கத்தில் நாமே எழுதியிருப்போம் என்று சொல்லிக்கொண்டான். தனக்குச் சாதகமானதை நம்புவதில் அவன் கைதேர்ந்தவன்.

ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே மடங்கும் சந்தில், கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் பதினாலு படி. அவ்வளவுதான் வீடு. அவன் அப்பா சிலுவைமுத்து துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் வின்ச் ஓட்டி, கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கித் தூக்கிக் கட்டியது. அந்த வீட்டின் மேலறையில் உட்கார்ந்து, அந்த மனிதர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, அவரை அற்பமாகப் பார்த்தான் மகன். எண்ணெய்க் கை, எழுத்து வாசனை இல்லாத ஆள், கலை என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற ஜென்மம். அப்பாவும் சளைத்தவர் இல்லை. “எம்புள்ள மாங்கா வரையிறான்” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். மங்கா என்று இவன் திருத்தினால், “சர்த்தான் போடா, மாங்கா மடையா” என்பார்.

ஒன்றை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடலாம். கோடு போடத் தெரியும். நிப்பை மையில் தோய்த்து, மூச்சை அடக்கி, மெல்லிசாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெல்லிசாகி முடிகிற கோட்டை ஒரே இழுப்பில் இழுக்கும்போது அவன் சந்தோஷமாக இருந்தான், நிஜமாகவே. அந்தச் சந்தோஷத்துக்கு முதுகு போயிற்று, கண் போயிற்று, தூக்கம் போயிற்று. அவை அவனுடையவை, போகட்டும். அவனுடையது அல்லாததும் போயிற்று.

சிலுவைமுத்துவுக்கு வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் விழுந்தபின், அவர் கட்டிலைக் கீழறைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். அந்தச் சுவரில்தான் மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் இரும்புக் குழாய். அது மேலறையில் ஆன்றோவின் மேஜையை உரசிக்கொண்டு போகும். உட்கார வைக்க வேண்டுமென்றால் அவர் இடக்கையிலிருந்த ஸ்பேனரால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். ணங் ணங். மகன் இறங்கி வருவான். காதில் மாட்டின பாட்டைக்கூடக் கழற்றாமல், பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, முகத்தைப் பார்க்காமல் தூக்கி உட்கார்த்திவிட்டு மேலே போய்விடுவான். மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தூக்குவான்.

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. அவன் மனைவி ரூத் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம். மத்தியானம் மூன்று மணிக்கு ஆன்றோ ஒரு படிக்கட்டின் கைப்பிடியை வரைந்துகொண்டிருந்தான், பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரைக்கும் ஒரே கோடு. பாதிக் கோட்டில் ஒரு ‘ணங்’ கேட்டது. நிறுத்தினால் கோடு கெடும். இரண்டாவது வரட்டும் என்று இருந்தான். இரண்டாவது வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா சொன்னது வசதியாக ஞாபகம் வந்தது: இரட்டைக்கிளவி இரட்டையாகத்தான் வரும், பிரித்தால் பொருள் தராது. ‘ணங்’ இரட்டைக்கிளவியே இல்லை. தமிழய்யா கேட்டிருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். ஆனால் கோடு அருமையாக வந்துவிட்டது. அந்தக் குஷியில் அடுத்த பக்கத்தையும் போட்டு முடித்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இறங்கியபோது சிலுவைமுத்து கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

“கேக்கவே இல்லியா ஒனக்கு?” என்று மட்டும் ரூத் கேட்டாள்.

“இல்ல” என்றான்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதன். இவன் கலைஞனாயிற்றே. அடுத்த மாதம் அவன் கதையில், மேலறையிலிருந்து இறங்கிப் போகிற ஒருவன் காலை இழுத்து இழுத்துப் படியிறங்குகிற இடத்தில், ஒரு முழுப் பக்கத்துக்கு ஒற்றை ‘ணங்’ ஒன்றைப் போட்டான். வெளிநாட்டில் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். அதுவரை வராத கூட்டம் வந்தது. ரூத் கடையில் நின்றபடியே செல்போனில் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, “கேக்கலன்னு சொன்ன” என்றாள். பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் படியிறங்குகிற நேரத்திலும் அவன் மையேற்றிக்கொண்டுதான் இருந்தான். இரும்புக் குழாயை மட்டும் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குழாய் மாட்டினான். அதைத் தட்டினால் லொட்டென்றுதான் கேட்கும்.

இப்போது இந்தப் பதினேழாம் பக்கம். வெள்ளை மை காய்ந்ததும் ‘ணங்’ அடியிலிருந்து மேலே வந்துவிட்டது. மறுநாள் பத்தொன்பதாம் பக்கத்திலும் ஒன்று இருந்தது, அதைவிடப் பெரிதாக. அதற்கும் மறுநாள் இருபதில், கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, பக்கத்தின் ஓரம்வரைக்கும். எல்லாம் ஒற்றை. அவன் குனிந்து குழாயை விரலால் தட்டிப் பார்த்தான். லொட். அதைக் கேட்டு அவனுக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, பரிதாபம்.

ஞாயிறு மத்தியானம் கஸ்பார் வந்தார். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கப்பலுக்குள்ளே இறங்கிச் சரக்குக் கட்டும் ஆள். மேலறைக்கு ஏறி மூச்சு வாங்க நின்றார்.

“நைனாக்கு இன்னிக்கி வருசப் பூச. சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு. வந்துடு.”

“வேல கீது மாமா. கடைசி அத்தியாயம். இன்னிக்கி முடிக்கணும்.”

“என்னிக்குத்தான் வேல இல்ல?” என்றபடி கஸ்பார் மேஜைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்தார். கதை இதுவரை வந்ததை அச்சுப் போட்டிருந்தார்கள். இடப்பக்க அட்டையைத் திறந்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். “இன்னாடா, ஒங்க நைனாவயே போட்டுகீற.”

“அது அவரு இல்ல. கத.”

“கால இய்த்து இய்த்து மேல ஏறி வர்றாரு பாரு.”

“ஏறல, எறங்குறான். ஜப்பான் பொஸ்தகம் மாதிரி இது. அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கணும். நீ கடைசிலேர்ந்து பாத்துகினு கீற.” ஆன்றோவின் குரலில் இருந்த இளக்காரம் அப்பாவிடம் பேசிப் பேசிப் பழகினது.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. தமிழ் பொஸ்தகம் மாறி பாத்தேன். ஏறித்தான் வர்றாரு.” முழுப் பக்க ‘ணங்’ வந்ததும் கஸ்பாரின் விரல் நின்றது. “இது இன்னா, ஒத்தையா தட்டிகீது?”

“சும்மா. அதுக்கு அர்த்தம் இல்ல.”

கஸ்பார் அவனை ஏறிட்டுப் பார்த்தார். “யாரு சொன்னா? நாங்க கப்பலுக்குள்ள கீய நிப்போம். நைனா மேல வின்ச்ல. எங்க மூஞ்சி அவருக்குத் தெரியாது. இரும்புல தட்டித்தான் பேச்சு. ரெண்டு தட்டுனா, தூக்கு. ஒண்ணு தட்டுனா, நிறுத்து, கீய ஆளு மாட்டிகினான்.” தன் வலக்கையை நீட்டினார். இரண்டு விரல் நசுங்கியிருந்தது. “முப்பது வருசத்துல ஒரு தபா கூட ஒங்க நைனா நிறுத்தாம வுட்டதில்ல. இந்தக் கை இன்னிக்கி இவ்ளோ மிச்சம் கீதுன்னா, அதான்.”

புத்தகத்தை வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

விழுந்த மனிதர் சொன்னதெல்லாம் அவ்வளவுதான்: நிறுத்து, கீழே ஆள் இருக்கிறேன். அது ஆன்றோவுக்குச் சுட்டது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் சுட்ட கையை வாயில் வைத்துக்கொண்டு அவன் அடுத்து யோசித்தது, இதைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்தால் எப்படி இருக்கும் என்றுதான்.

அப்புறம் புத்தகத்தை எடுத்து, கஸ்பார் பார்த்த மாதிரியே இடமிருந்து பார்த்தான்.

ஏறித்தான் வந்தார். கீழறையின் இருட்டிலிருந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படியாக, வலக்காலை இழுத்துக்கொண்டு. எண்ணினான், பதினாலு படி. புத்தகம் முடிகிற இடத்தில், அதாவது அவன் கதை தொடங்குகிற முதல் பக்கத்தில், மேலறையில் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் முதுகு. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தன்னையே மாதிரியாக வைத்து வரைந்த படம். அந்த முதுகை யார் நின்று பார்க்கிறார்கள் என்று அவன் அன்றைக்கு யோசித்ததில்லை.

மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம். சந்தில் எல்லோரும் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அசந்து கிடந்தார்கள். சாலையில் கன்டெய்னர் லாரி எதுவும் ஓடவில்லை. ஜன்னலில் கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் வெயிலோடு கலந்து வந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை லேசாக எழுந்து, எங்கிருந்து என்று மூக்கு தேடுவதற்குள் அடங்கி, மறுபடி எழுந்தது. டெட்டால். தைலம். நாள்பட்ட படுக்கையின் மூத்திரம். அந்தக் கட்டிலைக் கொடுத்தே பத்து மாதம் ஆகிறது.

எழுந்து போயிருக்கலாம். கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. அவனும் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ஆனால் கடைசிப் பக்கம் கண்ணெதிரே கிடந்தது. பென்சில் வேலை முடிந்து, ஒரே ஒரு கோடு மட்டும் பாக்கி. மறுபடி அந்தக் கைப்பிடி. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. செத்தவருக்குப் பயந்து ஓடுவதற்கு நான் என்ன இந்தத் தெருக்காரனா என்று நினைத்துக்கொண்டு, நிப்பைத் தோய்த்து, மூச்சை அடக்கி, வைத்தான்.

பாதிக் கோட்டில் கேட்டது.

ணங்.

இரும்பில் தட்டுகிற சத்தம். இரும்பே இல்லாத சுவரிலிருந்து. இந்தத் தடவை அர்த்தம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. முடித்துவிடுகிறேன், இதோ, முடித்துவிடுகிறேன் என்றது அவன் உதடு.

கீழே முதல் படியில் ஒரு கால் வைக்கப்பட்டது. தொப். இன்னொரு கால் இழுபட்டது. சர்ரக்.

தொப். சர்ரக்.

கோடு தடித்துக்கொண்டே வந்தது, அவன் வாழ்நாளில் போட்டிராத அழகோடு. ஏழு. எட்டு. அவன் திரும்பவில்லை. பதினொன்று. வாடை அறையை நிறைத்தது. பதிமூன்று.

தொப்.

சர்ரக்.

அப்புறம் ஒன்றுமில்லை. முதுகில் மட்டும் வெயில் படவில்லை.

அவன் காதுக்குப் பக்கத்தில், சுவரில், ஸ்பேனர் நீளத்துக்கு ஒரு நிழல் உயர்ந்தது.

இரண்டாவது ‘ணங்’ வந்தது.

அக்குளுக்கு அடியில் இரண்டு கை நுழைந்தன. இடது, இரும்பு. வலது, துவண்டு குளிர்ந்தது. அவன் தூக்கின அதே மாதிரி, பின்னாலிருந்து. முகம் பார்க்காமல். நாற்காலி சரிந்தது. பாதம் தரையை விட்டது. நிப் காகிதத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது, பிசிறில்லாத ஒரே கோடாக, மேலே, இன்னும் மேலே. குரல் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும். தொங்குகிற காலை வீசி, குதிகாலால் குழாயை உதைத்தான்.

லொட்.

மறுபடி உதைத்தான். லொட்.

அது தூக்கிக்கொண்டே இருந்தது.