புகைக்குள் போன இரண்டாம் ஆள்

மார்கழி மாதம். பின்னேரத் தேத்தண்ணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வெளியே மைம்மல் இருட்டு. பக்டறியில் கோழி இறைச்சியைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு நின்றபோது இடுப்பில் பேஜர் அலறியது. ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கட நிலையத்தில் முழுநேர ஆட்கள் இல்லை. பக்டறி, கடை, பள்ளிக்கூடம் என்று அவரவர் வேலையில் நிற்போம். பேஜர் அடித்தால் ஓடிவருவோம். முந்தி வண்டி நிறைய ஆட்கள் வருவார்கள். பக்கத்து ஊராட்சிகளான கொம்யூன்களை எல்லாம் சேர்த்து ஒரே துறையாக்கி, மேலதிகாரிகளைத் தூரத்து நகரத்தில் இருத்தின பிறகு ஆட்களைக் குறைத்துப் போட்டார்கள்.

அன்றைக்கு வந்தது மூன்று பேர். குழுத் தலைவர் ஹெனிங், வண்டி ஓட்டும் அந்தோனிதாசன், நான்.

"என்ன தேவண்ணை, கோழி மணத்தோட வாறியள்? நெருப்புக்கு இன்னும் பசிக்கப் போகுது" என்றான் அந்தோனிதாசன்.

"நீ வாயை மூடிக்கொண்டு ஓட்டு."

சிரித்துக்கொண்டுதான் ஏறினேன். வண்டித் திரையில் விலாசம் விழுந்தது.

என் மகள் சாரங்கி இருக்கிற வீடு.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்துவிட்டு, போனை நிப்பாட்டிப்போட்டுப் பகலில் படுக்கிறவள் அவள்.

பழைய செங்கல் கட்டடம். மேல்மாடி யன்னல்களால் புகை தடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உருகின பிளாஸ்ரிக் மணம் தொண்டையில் ஒட்டியது. சனங்கள் போர்வையோடு தெருவில் நின்றார்கள். ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன். அவள் இல்லை.

முகமூடியை மாட்டி, காற்றுச் சிலிண்டரை முதுகில் ஏற்றினேன். ஹெனிங் மறித்தார்.

"தனியப் போகேலாது, தேவா. புகைக்குள்ள இரண்டு பேர் சேர்ந்துதான் போகோணும். உனக்குத் தெரியும்."

"என்ரை பிள்ளை உள்ளுக்கை!"

"தெரியும். நான் வெளியில நிண்டு நடத்தோணும். அந்தோனிதாசன் பம்பை விட்டிட்டு வரேலாது. மற்ற வண்டி அடுத்த ஊரிலயிருந்து வருது, பொறு."

அடுத்த ஊர் வண்டி வரும்வரைக்கும் அவளுக்கு மூச்சிராது. அவருடைய சட்டையைப் பிடித்தேன். கெஞ்சினேன். டேனிஷில் தொடங்கித் தமிழில் கெஞ்சினேன்.

ஹெனிங்கின் கண் என்னைத் தாண்டிப் போனது. முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது.

"சரி. இரண்டாம் ஆள் வந்திட்டான். இரண்டு பேரும் போங்கோ."

என் தோளில் ஒரு கை விழுந்தது. பாரமான கையுறை. பிந்தி வருகிறவர்கள் தங்கள் காரில் நேரே வந்துவிடுவது வழக்கம். அப்படி எங்கட ஸ்ரிபனோ ஆரோ வந்துவிட்டான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஹெனிங் மனம் மாறமுதல் ஓடினேன்.

உள்ளே கண் என்ற ஒன்று இல்லை. சுவரைத் தடவித் தவழ்ந்தேன். எங்கேயோ மரம் முறிகிற சத்தம். எனக்குப் பின்னால், மெதுவாக, இன்னொருவர் மூச்சு.

இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

"ஆர் நீ? ஸ்ரிபனோ?"

கை மட்டும் என்னை இடப்பக்கம் தள்ளியது. அங்கே கட்டில். கட்டிலுக்குக் கீழே சாரங்கி.

நான் தோளைப் பிடித்தேன். அவளுடைய கால்கள் தாமாக எழும்பின. அவ்வளவு பாரமே தெரியவில்லை.

வெளியே வந்து அவளைத் தரையில் கிடத்தினோம் என்றுதான் நினைத்தேன்.

நான் மட்டும்தான் நின்றேன்.

அம்புலன்ஸ்காரர் அவளைத் தூக்கினார்கள். அந்தோனிதாசன் என் காதுக்குக் கிட்ட வந்தான். பகிடி எல்லாம் போய்விட்டது.

"அண்ணை, நீங்கள் தனியத்தானே உள்ளுக்கை போனியள்?"

அந்தப் பக்கம் ஹெனிங் வோக்கிரோக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நம்பர் இரண்டு, வெளியில வந்தாச்சோ?"

கரகரப்பு. பிறகு ஒரு ஆண் குரல், டேனிஷில், களைத்துப்போய்.

"இன்னும் இல்லை."

அம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள். நான் மகளோடு போனேன்.

ஆஸ்பத்திரியில் என் மனுசி தங்கமலர் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்தாள். மனுசி அழக்கூட இல்லை. "காப்பாத்திக் கொண்டந்திட்டியள்தானே, பிறகேன் முழிக்கிறாள் இல்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

ஹெனிங் புகை மணத்தோடு வந்தார்.

"மற்ற வண்டி ஆக்கள் வீடு முழுக்கத் தேடியாச்சு, தேவா. ஒருத்தரும் இல்லை. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் போன் எடுத்தன். ஒருத்தரும் வரேல்லை." அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆனா நான் கண்டனான். உனக்குப் பின்னாலதான் நிண்டவன்."

அப்போதுதான் சாரங்கி கண்ணைத் திறந்தாள்.

"பிள்ளை! பிள்ளை, அம்மாவைப் பார்!" தங்கமலர் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தலையை ஹெனிங் பக்கம் திருப்பினாள். இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

பிறகு, என் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஆண் குரல், டேனிஷில், களைத்துப்போய் வந்தது.

"நம்பர் இரண்டு. வெளியில வந்திட்டன்."

ஹெனிங் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பெட்டை இன்னும் உள்ளுக்கைதான் நிக்கிறாள்."