நீலமாகாத மாவுச்சத்து

"நாளையிலேர்ந்து வராதேன்னு முதல்வர் சொல்லிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, கல்லூரி ஆய்வக உதவியாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

துப்பறிவாளர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். கூடவே திரியும் மச்சான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அன்று காலை, கல்லூரியைப் பார்வையிட வந்த அதிகாரிகள் முன்னால் முதல்வரே செய்முறை காட்டினார். புரதம் ஒழுங்காக ஊதாவானது. எண்ணெய், காகிதத்தில் கண்ணாடிபோல் கறை விட்டது. மாவுச்சத்துக் கரைசல் மட்டும், அயோடின் விட்டும் கருநீலமாகாமல் மஞ்சளாகவே நின்றது. முதல்வரின் மானம் கப்பலேறியது. பழி இவர் தலையில் விழுந்தது.

"பச்சைத் தண்ணிய வெச்சிட்டேனாம்! மாவ வேக வெச்சு, ஆறவிட்டு, சோதிச்சும் பாத்தேன். நீலமாச்சுங்க. அப்புறம் பூட்டிட்டு நாற்காலி தூக்கப் போனேன். இந்த வேலை போனா எனக்கு வேற கதியில்ல."

"வேதியியல் வாத்தியார்தான் அத்தான்! முகத்தப் பாத்தாலே தெரியுது."

"நீ இன்னும் அவர் முகத்தப் பாக்கவே இல்லையே மச்சான்."

ஆய்வகச் சுவரில், 'குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள் - முதல்வர்' என்ற பலகை பளிச்சென்று தொங்கியது. துப்பறிவாளர் மிச்சமிருந்த கரைசலில் சர்க்கரையைக் காட்டும் மருந்தை விட்டுச் சூடாக்கினார். செங்கல் நிறமானது. பிறகு அதனருகே கிடந்த கண்ணாடிக் குழாயின் மேல்நுனியைக் காகிதத்தில் ஒற்றினார். கறை கண்ணாடிபோல் விழுந்தது. மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டி வைத்தான்.

முதல்வர் மீசையை முறுக்கிக்கொண்டே வந்தார். மீசை எண்ணெயில் மின்னியது.

"பச்சைத் தண்ணியில சர்க்கரை இருக்காது சார். மாவுச்சத்துதான் சர்க்கரையா உடைஞ்சிருக்கு. அப்படி உடைக்கிற புரதம் நம்ம எச்சில்ல இருக்கு."

"அடப்பாவி, எவனோ துப்பியிருக்கான்!" என்று மச்சான் குதித்தான்.

"துப்பல. குழாயில வாய வெச்சு உறிஞ்சிருக்காரு. வாய்க்குள்ள ஏறினதும் பதறிப்போய்த் திரும்ப ஊதிட்டாரு. வாய் வைக்கிற நுனியில கொழுப்பு ஒட்டியிருக்கு. உதட்டுக்குப் பக்கத்துல எண்ணெய் தடவுறவர். இந்த ஆய்வகத்தோட இன்னொரு சாவி யார்கிட்ட சார்?"

மச்சான் உதவியாளரின் மழித்த முகத்தைப் பார்த்தான். பிறகு முதல்வரின் மீசையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டான்.

"எச்சில்ல ஆளோட டி.என்.ஏ.வும் இருக்கும். சோதனைக்கு அனுப்பிடலாமா?"

மீசை தொங்கிவிட்டது. "ஒத்திகை பாத்தேன்யா... வருஷக்கணக்கா கை படல. பழக்கதோஷம், வாய் போயிடுச்சு. பலகையில என் பேரு வேற இருக்கு, எப்படி வெளிய சொல்றது?"

"அதிகாரிங்க இன்னும் சாப்பிட்டுட்டுதான் இருக்காங்க. சொல்லிடுங்க சார்."

அதிகாரிகளைக் கூப்பிடப் போகும் வழியில் மச்சான் கிசுகிசுத்தான். "டி.என்.ஏ.வ எங்க அனுப்புவீங்க அத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? அவருக்கும் தெரியாதுங்கிற தைரியம்தான்."

உதவியாளர் புதிதாகக் கரைசல் காய்ச்சி ஆறவைத்தார். அதிகாரிகள் சூழ்ந்து நின்றார்கள். முதல்வர் குழாயை எடுத்தார். கை தன்னால் வாய்ப்பக்கம் போனது.

"சார், வாய்!" என்று உதவியாளர், குழாயில் மாட்டி உறிஞ்சும் ரப்பர் பந்தை நீட்டினார்.

அயோடின் சொட்டியது. கரைசல் கருகருவென்று நீலமானது. முதல்வர் தொண்டையைச் செருமினார். "காலையில நடந்த தப்பு என்னோடதுங்க. இவரோடது இல்ல."

உதவியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ நாளைக்கு எப்ப வரணும் சார்?"

"வழக்கம்போல வாப்பா" என்றார் முதல்வர். "வந்ததும் முதல் வேலையா அந்த இன்னொரு சாவிய எங்கிட்டேர்ந்து வாங்கிக்கோ."