ஒரே முகவரியில் இருவர்

வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்த்தது சும்மாதான். மாடியறையில் வெயில் ஜன்னல் வழியே சரிந்து கிடந்தது. அவனுடைய லேப்டாப், அவனுடைய போன், அவ்வளவுதான் இருக்க வேண்டும். அக்கா தன் போனோடு கடைக்குப் போயிருந்தாள். திரையிலோ மூன்று வரி இருந்தது.

மூன்றாவதில் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட முகவரி மட்டும். ஒவ்வொரு வைஃபை சில்லுக்கும் செய்கிற இடத்திலேயே பொறித்து அனுப்புகிற முகவரி அது. ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றுக்கு வராது. இந்த முகவரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் ஒப்பிப்பான். அத்தானுடைய லேப்டாப்பின் முகவரி.

அத்தான் செத்து ஏழு மாதம் ஆகிறது. அந்த லேப்டாப்பின் வைஃபை அட்டையைக் கழற்றிச் சுத்தியலால் நொறுக்கியவனே இவன்தான்.

இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே நெட்வொர்க் பிரிவு. அத்தான் தலைமை, இவன் கீழே. அக்கா புருஷனிடம் லீவு கேட்டு நிற்பது இவனுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. ஒரு மத்தியானம், லேப்டாப்பில் செருகுகிற கட்டைவிரல் அளவு வைஃபை குச்சி ஒன்றின் சில்லில் அதன் சொந்த முகவரியை அழித்துவிட்டு அத்தானுடையதை எழுதினான். வாடிக்கையாளர் விவரம் அத்தனையையும் போட்டிக் கம்பெனிக்கு அனுப்பினான். பத்தே நிமிஷம். பிறகு பழைய முகவரியையே திரும்ப எழுதிவிட்டான். பதிவில் மாட்டியது அத்தான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். ஒரே முகவரியில் இரண்டு கருவி இருந்தால், ஒன்று பேசும்போது மற்றது ஊமையாகிவிடும். விசாரணையில் அத்தான் வழக்கம்போல் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டு அதைத்தான் சொன்னார்.

"சார், அந்தப் பத்து நிமிஷமும் என் லேப்டாப் ஊமையா கிடந்துச்சு. யாரோ என் முகவரியைப் போட்டுக்கிட்டிருக்காங்க. மாப்ளே, நீ பக்கத்துலதானே இருந்தே? நீயே சொல்லுப்பா."

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

வேலை போனது. திருட்டுப் பட்டம் கட்டிய ஆளுக்கு யார் வேலை தருவார்கள்? நாலாம் மாதம், இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் ஒரு லாரி. அலுவலகத்தில் அவர் நாற்காலி இவனுக்கு வந்தது. அக்காவும் இவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். சோறு போடும்போதெல்லாம் அதே கேள்வி.

"அவரு சீட்லதானேடா உக்காந்திருக்கே? பழைய பதிவையெல்லாம் தோண்டிப் பாத்து, அவரு திருடன் இல்லைன்னு ஒரு வார்த்தை வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

"பாக்கறேன்க்கா."

அம்மாவுக்குப் பிறகு இவனை வளர்த்தவள் அவள். இவனுக்கென்று இருந்த ஒரே உறவு. அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

மூன்றாவது வரியின் ஓரத்தில் சிக்னல் எண்: எண்பது. எண் குறையக் குறைய, கருவி ரவுட்டருக்குக் கிட்டே வருகிறது என்று அர்த்தம். ரவுட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது. எண்பது என்றால் தெருமுனை.

தொழில் தெரிந்தவன் பேயைக் கண்டாலும் முதலில் அமைப்பைத்தான் மாற்றிப் பார்ப்பான். அந்த முகவரிக்குத் தடை போட்டான். வரி மறைந்தது. அவன் மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. எழுபது. கீழே வாசல் கேட் தன் துருப்பிடித்த குரலில் முனகியது. பாஸ்வேர்டை மாற்றினான். அறுபது. மூடிய ஜன்னலுக்குள் எங்கிருந்தோ வெயிலில் உருகிய தாரும் டீசலும் கலந்த வாடை வந்தது, அதற்கடியில் இரும்பு நாற்றம் போல இன்னொன்றும்.

நாற்பத்தைந்து. கூடத்து நாற்காலி தரையில் இழுபட்டது.

முப்பது.

அப்போது அந்த முகவரி மாறத் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்தாக. நிதானமாக. பன்னிரண்டும் மாறி முடிந்ததும் பார்த்தான். அவனுடைய குச்சியின் முகவரி. நல்ல குச்சி என்று தூக்கிப்போட மனமில்லாமல், இன்னும் லேப்டாப்பில் செருகி வைத்திருந்த அதே குச்சி.

பிடுங்கினான். போனில் பார்த்தான். குச்சி அவன் உள்ளங்கையில் இருந்தது. வரி அப்படியே இருந்தது. முப்பது.

கீழே கதவு திறந்தது. செருப்பை உதறும் சத்தம். அக்கா.

"என்னடா, இன்னிக்கு கீழேயே உக்காந்துட்டே?"

அவன் படிக்கட்டுக்கு ஓடினான். அக்கா, கிட்டே போகாதே. கத்தினான். தொண்டை புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். கூடத்து நாற்காலியில் முதுகைக் காட்டி ஒருவன். இவன் சட்டை. இவன் பிடரி. சட்டை நுனியிலிருந்து கறுப்பாக ஏதோ தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே அக்கா, பையைக்கூடக் கீழே வைக்காமல்.

இரண்டு முறை கனைப்பு.

"உக்காருக்கா." இவன் குரல். "அத்தான் விஷயம். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தியே. சொல்லிடறேன். அந்த விவரத்தையெல்லாம் அனுப்பினது நான்தான்."

பை நழுவி விழுந்தது. அக்காவின் முகத்தில் அந்தச் செய்தி மெல்ல இறங்குவதை இவன் மேலிருந்து பார்த்தான். குரல் நிற்கவில்லை. எந்த நாள், எந்த மத்தியானம், எந்தக் குச்சி, ஒன்றையும் விடவில்லை. அது சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே இவன் உதடுகள் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன, சத்தமில்லாமல்.