பொன்னுத்தாய் கையில் நாலு பட்டை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியை முதலில் பார்ப்பது கதவுதான். எல்லார் மணிக்கட்டிலும் இருக்கும் நலப்பட்டை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் நடமாட்டத்தையும் இரவுபகலாக அனுப்பிக்கொண்டிருக்கும். கதவு அதில் ஒரு வாரச் சராசரியை மட்டுமே நம்பும். ஓடி வந்த படபடப்பால் அதை ஏமாற்ற முடியாது. சிவப்பு எரிந்தால் டாக்டரிடம் போகலாம். பச்சை என்றால் வீடு. அழகான ஏற்பாடு. எனக்கு இன்றும் அதன்மேல் பிரியம் உண்டு.

நான் அங்கே நலத்தகவலர். மருத்துவத் துறைக்கு நான் கணினி ஆள், கணினித் துறைக்கு மருத்துவமனை ஆள். என் வேலை என்னவென்று இரண்டு துறையும் இன்னும் எழுதித் தரவில்லை.

அன்று உப்பளத்தில் வேலை செய்யும் சுடலைவடிவு வீங்கிய கால்களோடு வந்தார். கதவில் பச்சை.

"ஒண்ணுக்கே சரியாப் போகல மேடம். இந்தக் கதவு தெனமும் வெரட்டுது."

பதிவைத் திறந்தேன். உப்பளத்துப் பெண், ஆனால் பகலெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

"பட்டையக் கழட்டுவீங்களா?"

"உப்புத்தண்ணி பட்டா கெட்டுப்போகுதுல்லா. சும்மா வச்சா ரேஷனை நிறுத்திருதாவ. அதான் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் கையில கெட்டிருவோம். ராத்திரியும் அங்கதான் கெடக்கும்."

மாவட்டத் தரவு மையத்தை அழைத்தேன். "அளவு சரியாத்தான் இருக்கு மேடம். ஆள் மாறினது மருத்துவப் பிரச்சினை." உள்ளே இருந்த டாக்டர் ஜெபசிங்கை அழைத்தேன். "பட்டை மாறினா அது தரவுப் பிரச்சினைல்லா? உங்க வேலை."

"சரி சார். அளவு யாரோடதுன்னு கேக்குறதுதான் என் வேலைன்னு நானே எழுதிக்கிடுதேன்."

தீ விபத்துக்கென்று வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்து அவரை உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்காங்க."

"அது பொன்னுத்தாய் சார். சுடலைவடிவு உங்க முன்னால நிக்காங்க."

அவர் சலிப்போடு குனிந்து பாதத்தில் விரலை அழுத்தினார். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. அவர் சலிப்பு அதோடு போயிற்று. சிறுநீரகப் பரிசோதனைக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொன்னுத்தாய் கையில வேற யார் பட்டை இருக்கு?"

"அவளோடது போக, செல்லக்கனியோடதும் எங்க மதினியோடதும்."

"ரெண்டு பேரையும் உடனே வரச் சொல்லுங்க."

"மதினிக்கும் இப்படித்தான் வீங்குச்சு சார். போன வாரம் செத்துட்டா. நாடி நல்லா அடிக்குன்னு இன்னும் இறப்புச் சான்று தர மாட்டேங்காவ."